நூறு பேரின் கணக்கும் ஒருவரின் கட்டிலும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு, 'திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயிருவமா?' என்பதுதான். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியது. நோயாளிகளின் பாதை மாறவில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று அதே சாலையில்தான் இன்றைக்கும் ஆம்புலன்ஸ் போகிறது. உள்ளூரை அடுத்த மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தத் தாழ்வாரங்களில் மலையாளத்துக்கு நடுவே தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும்.

'சார், ஆளு தேறிருமா?' என்பது முதல் நாள் கேள்வி. 'எழும்பி நடப்பாரா?' என்பது இரண்டாம் நாள். 'பேச்சு வருமா?' என்பது அதற்கடுத்த நாள். இவற்றோடு இந்த மண்ணுக்கே உரிய நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அது ஷார்ஜாவிலிருந்தோ தம்மாமிலிருந்தோ போன் வழியாக வரும்: 'அண்ணா, நான் இப்பவே வரணுமா, இல்ல லீவு கிடைச்ச பெறகு வந்தாப் போதுமா?' அண்ணனுக்கு விடை தெரியாது. அவர் நர்ஸிடம் கேட்பார், நர்ஸ் டாக்டரைக் காட்டுவார். பிழைப்பு, நடை, பேச்சு, விமான டிக்கெட், அடகு வைக்க வேண்டிய நகை, விற்க வேண்டிய நிலம், நிச்சயம் பண்ணிவைத்த கல்யாணம் எல்லாமே டாக்டர் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் எட்டில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். இந்தியாவிலேயே முதியவர் விகிதம் மிக அதிகமான மாநிலம் அது. பிள்ளைகளில் பலர் கடல் கடந்து இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி இங்கே அன்றாடக் கேள்வி.

இதற்கு விடை சொல்லத்தான் மருத்துவம் கடந்த எழுபது ஆண்டுகளாக மதிப்பெண் அட்டவணைகளைச் செய்துவந்திருக்கிறது. 1957இல் கிளாஸ்கோவில் ஜான் ரேங்கின் என்ற மருத்துவர், அறுபது வயதைத் தாண்டிய பக்கவாத நோயாளிகள் எந்த அளவுக்குத் தேறினார்கள் என்பதை ஐந்து படிகளாகப் பிரித்தார். பின்னால் அதில் சுழியமும் ஆறும் சேர்ந்தன. சுழியம் என்றால் எந்தக் குறையும் இல்லை. ஆறு என்றால் இறப்பு. 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் புளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரதியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் சாப்பிடுதல், குளித்தல், உடுத்துதல், கழிப்பறை, படி ஏறுதல் உள்ளிட்ட பத்து அன்றாடச் செயல்களுக்கு நூறு மதிப்பெண் வகுத்தார்கள். 1974இல் கிளாஸ்கோவிலிருந்தே நினைவிழப்பை அளக்கும் அளவுகோல் வந்தது. 1989இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பக்கவாத அளவுகோல் வந்தது. இன்று உலகெங்கும் நரம்பியல் வார்டுகளில் 'ஸ்கோர் எத்தனை?' என்று ஒரு டாக்டர் இன்னொருவரைக் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்.

கட்டிலருகே அது எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் முதலில் மாதம் என்ன என்று கேட்பார். பிறகு வயதைக் கேட்பார். கண்ணை மூடித் திறக்கச் சொல்வார். விழாத கையின் விரல்களை மடக்கி விரிக்கச் சொல்வார். தன் விரலைப் பக்கவாட்டில் ஆட்டி, தெரிகிறதா என்பார். பல்லைக் காட்டச் சொல்வார். ஒரு கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பத்துவரை எண்ணுவார். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஐந்துவரை எண்ணுவார். அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் சுற்றி நிற்கும் குடும்பமே மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கையைப் பார்க்கும். ஐந்தில் கை தாழத் தொடங்கினால் ஒன்று. படுக்கையில் வந்து விழுந்தால் இரண்டு. தூக்கவே முடியாமல் கிடந்தால் மூன்று, அசைவே இல்லையென்றால் நான்கு. பிறகு ஊசி குத்துவது உறைக்கிறதா என்று பார்ப்பார், ஒரு படத்தைக் காட்டி அதில் என்ன நடக்கிறது என்று கேட்பார். பதினொரு தலைப்புகள், மொத்தம் 42 மதிப்பெண். கூடக்கூட நோய் கடுமை.

மாதம் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர் 'ஆடி' என்பார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் 'கர்க்கடகம்' என்பார். இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். அதைத் தவறு என்று எழுதாமலிருக்க, கேட்பவருக்கு இந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படமும் அமெரிக்கச் சமையலறைப் படம்தான்: ஸ்டூலில் ஏறி பிஸ்கட் திருடும் பையன், பாத்திரம் துடைத்துக்கொண்டு நிற்கும் அம்மா, நிரம்பி வழியும் தொட்டி. பெயர் சொல்லச் சொல்லிக் காட்டும் பொருள்களில் கையுறையும் மரங்களுக்கிடையே கட்டிய தொங்கு ஊஞ்சலும் இருக்கும். வாழ்நாளில் கையுறை போட்டிராத மீனவர் அதைப் பார்த்துத் திகைப்பது மூளையின் குறையா, படத்தின் குறையா? நல்ல டாக்டர் தன் பாக்கெட்டிலிருந்து சாவியையும் பேனாவையும் எடுத்துக் காட்டுவார்.

இதைவிட ஆழமான குறை ஒன்று இந்த அளவுகோலின் அமைப்பிலேயே உண்டு. 42இல் ஏழு மதிப்பெண் மொழியைச் சார்ந்தவை. பெரும்பாலானோருக்கு மொழி இடது மூளையில் இருப்பதால் இடப்பக்கச் சேதம் கூடுதலாகப் பதிவாகும். வலது மூளை அடிபட்டால் சிலருக்கு உலகத்தின் இடப்பாதியே இல்லாமல் போய்விடும். அந்தப் புறக்கணிப்புக்கு இந்த அட்டவணை தருவது வெறும் இரண்டு. வலது மூளையில் அடைப்பு வந்த ஒருவரை வீட்டில் இலை போட்டு உட்காரவைத்தால் தெரியும். சோறும் குழம்பும் தீரும். இலையின் இடது ஓரத்தில் வைத்த உப்பேரியும் ஊறுகாயும் பழமும் அப்படியே கிடக்கும். பிடிக்கவில்லையா என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது; அவரளவில் அங்கே இலையே இல்லை. பேச்சு தெளிவாக இருக்கும், ஸ்கோரும் குறைவாக இருக்கும், 'லேசானதுதான்' என்று அனுப்பிவைப்பார்கள். சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் வரும் பஸ் அவருக்குத் தெரியாது.

இவ்வளவையும் சொல்வது அட்டவணைகளைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதற்காக அன்று. அவை இல்லாத காலத்தில் டாக்டரின் வாய்வாக்கு மட்டுமே இருந்தது. அந்த வாக்கு, அவர் கடைசியாகப் பார்த்த நோயாளியையும் அன்றைய மனநிலையையும் கட்டிலில் கிடப்பவரின் தோற்றத்தையும் பொறுத்து மாறியது. கனடாவில் உருவான ஐஸ்கோர் என்ற அட்டவணையை அனுபவமுள்ள மருத்துவர்களின் ஊகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அட்டவணையே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய நன்மையும் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பயன்படும் என்று 1995இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது இந்த அளவுகோல்களைக் கொண்டுதான். மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் குறையின்றியோ சிறு குறையோடோ இருக்கிறார்கள் என்று ரேங்கினையும் பார்த்தெலையும் வைத்து எண்ணினார்கள். எண்ணியிருக்காவிட்டால் அந்த மருந்து இன்று நம் ஊருக்கு வந்திருக்காது. அளக்கத் தெரிந்த பிறகுதான் இந்த நோயில் மருத்துவம் கை கட்டி நிற்பதை விட்டது.

ஆனால் ஒரு மதிப்பெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் மனித உயிர்கள் இருக்கின்றன. மூளைக்குள் ரத்தம் கசிந்தவர்களுக்காக 2001இல் கலிபோர்னியாவில் கிளாட் ஹெம்பிலும் அவர் சகாக்களும் ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். நினைவு எவ்வளவு இருக்கிறது, கசிந்த ரத்தம் 30 மில்லி லிட்டரைத் தொட்டதா, அது மூளையின் நீரறைகளுக்குள் இறங்கியதா, கசிவு மூளையின் அடிப்பகுதியிலா, வயது எண்பதை எட்டியதா என்று ஐந்தே கேள்விகள். விரல்விட்டு எண்ணிவிடலாம். 152 பேரை வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரு மதிப்பெண் பெற்றவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 13 சதவீதம், இரண்டு பெற்றவர்களில் 26, மூன்றில் 72, நான்கில் 97. ஐந்து பெற்றவர் யாரும் பிழைக்கவில்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் கட்டிலில் கிடப்பவரின் தலையெழுத்தைப் படித்துவிட்டதாகத் தோன்றும். இறந்த அந்த 97 சதவீதத்தினர் எப்படி இறந்தார்கள் என்று அடுத்துக் கேட்க வேண்டும். அவர்களில் சிலர் கசிவால் இறந்தார்கள். வேறு சிலருக்கு, 'இனிப் பயனில்லை' என்று முதல் நாளே முடிவாகி, மூச்சுக்குழாய் போடவில்லை. போட்ட இடத்தில் எடுத்துவிட்டார்கள். அந்த இறப்புகளும் கணக்கில் சேர்ந்தன. அந்தக் கணக்கு அடுத்த நோயாளிக்கு 97 என்று காட்டியது. அவருக்கும் சிகிச்சை நின்றது. அவரும் இறந்தார், கணக்கு மறுபடியும் சரியாகிவிட்டது. அதே 2001இல் பெக்கர் என்ற நரம்பியல் மருத்துவரும் சகாக்களும் இந்தச் சுழலைச் சுட்டிக்காட்டினார்கள். பிற்பாடு ஹெம்பிலே இதை ஆராய்ந்து எச்சரித்தார். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை நேரடியாகச் சோதித்தது. நினைவு தாழ்ந்திருந்த 109 நோயாளிகளுக்கு முதல் ஐந்து நாள் எந்தச் சிகிச்சையையும் குறைப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அட்டவணைப்படி அவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்துக்குள் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் ஐந்தில் ஒருவர்.

இந்த ஓர் ஆய்வு எனக்கு முழுப் பாடமாகப் படுகிறது. பின்விளைவுக் கணிப்பு என்பது மூளையைப் பற்றிய செய்தி என்று நாம் நினைக்கிறோம். அதில் மூளை பாதிதான். இதே நிலையில் முன்பு வந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்பதன் பதிவு மீதிப் பாதி. செய்ததை மாற்றினால் எண் மாறுகிறது.

அமெரிக்காவில் சிகிச்சை நிற்பது ஒரு படிவத்தில் கையெழுத்திடுவதால். நம் ஊரில் அது பெரும்பாலும் பில்லால் நிற்கிறது. ஐ.சி.யு.வில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கட்டணச் சீட்டு கைக்கு வரும்போதுதான் குடும்பம் ஓர் ஓரமாகக் கூடிப் பேசும். 'சார், எவ்வளவு செலவானாலும் பாப்போம், ஆனா ஆளு கிடைக்குமான்னு மட்டும் சொல்லுங்க' என்று மூத்த மகன் கேட்பார். அப்போது டாக்டர் உதிர்க்கும் 'சான்ஸ் கம்மி' என்ற இரண்டு சொற்கள் மருத்துவக் கணிப்பாகவே சொல்லப்பட்டிருக்கும். அந்தத் தாழ்வாரத்தில் அது தீர்ப்பாகிவிடும். மாலையில் ஆம்புலன்ஸ் வரும். வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கணிப்பு பலித்துவிடும்.

எல்லாமே மூளையின் கணக்கு என்ற நினைப்புக்கு எதிரான சாட்சி ஒன்று திருவனந்தபுரத்திடம் இருக்கிறது. எஸ்.இ.ஸ்ரீதரன், பி.என்.சைலஜா, கே.ராதாகிருஷ்ணன் உள்ளிட்ட மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு 2009இல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியானது. நகரத்தில் ஏறத்தாழ ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பேர், கிராமப்புறத்தில் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பேர் கொண்ட பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் வந்த பக்கவாதங்களைக் குறித்தார்கள். மொத்தம் 541. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் நகரத்தில் 135 பேருக்கும் கிராமத்தில் 138 பேருக்கும் நோய் வருகிறது என்று தெரிந்தது. நோய் வருவதில் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம்.

இந்த இடைவெளிக்கு வயதும் நோயின் தன்மையும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனாலும் நகரும் கிராமமும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் கேரளத்தில், ஒரே மாவட்டத்தில், இத்தனை பெரிய வேறுபாட்டை மூளையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு உள்ள தூரம் அதில் இருக்கிறது. ராத்திரி வண்டி கிடைத்ததா என்பது அதில் இருக்கிறது. 'காலையில பாத்துக்கலாம்' என்று படுக்கவைத்ததும், தைலம் தேய்த்துப் பார்த்ததும், விழுங்க முடியாதவருக்குக் கஞ்சி ஊட்டி அது நெஞ்சுக்குள் போய் நிமோனியா வந்ததும், படுக்கைப் புண்ணும் எல்லாம் அதில் இருக்கின்றன. பக்கவாத நோயாளியின் மதிப்பெண் அட்டவணையில் 'எந்த ஊர்' என்று ஒரு கட்டம் கிடையாது. இறப்புக் கணக்கில் அது இருக்கிறது.

ஸ்ரீசித்திரையின் வரலாறு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் தந்த கட்டடத்தில் வேர்விட்டு, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. அதன் முதல் இயக்குநர் எம்.எஸ்.வலியத்தானும் அவரது குழுவினரும் வெளிநாட்டு இதய வால்வின் விலை நம் ஏழைகளுக்குக் கட்டாது என்று கண்டு, இங்கேயே வால்வு செய்ய முனைந்தார்கள். பல தோல்விகளுக்குப் பிறகு 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வுக்குச் செய்ததை எண்களுக்கும் செய்ய வேண்டும். கலிபோர்னியாவின் 152 பேரை வைத்துப் போட்ட கணக்கை நெய்யாற்றின்கரையில் கிடப்பவருக்கு அப்படியே வாசிக்கக் கூடாது. இங்குள்ளவர்களைத் தொடர்ந்து பார்த்து, இங்குள்ள சிகிச்சையின் அளவறிந்து, கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் பதிவேடு அந்தத் திசையில் வைத்த முதல் அடி. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

'நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்' என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. சினிமா அதைத் தேய்த்துவிட்டது. தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நினைக்கிறோம். பக்கவாதத்தில் அந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு. கசிந்த ரத்தம் பெருகுவது பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள். பெரிய அடைப்பில் மூளை வீங்குவது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை. அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும், ரத்தக்கசிவு வந்தவர்களுக்குச் சிகிச்சையை மட்டுப்படுத்தும் முடிவை இரண்டாம் நாள் முழுதாகக் கழியும்வரையாவது எடுக்க வேண்டாம் என்கின்றன. அந்தக் காத்திருப்பில் டாக்டரின் அறியாமையை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நோயாளிக்கு ஒரு வாய்ப்புத் தரப்படுகிறது. காத்திருக்கச் சொல்லும் டாக்டர், 'அதுவரை எல்லாச் சிகிச்சையும் நடக்கும்' என்றும் சேர்த்துச் சொன்னால் குடும்பம் தாங்கிக்கொள்ளும்.

முதல் மூன்று நாளுக்குள் பார்க்க வேண்டிய ஒன்றை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். விழுந்த கையின் விரல்களைக் கொஞ்சமாவது நீட்ட முடிகிறதா? தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது விரிக்க முடிகிறதா? 72 மணி நேரத்துக்குள் இந்த இரண்டும் முடிந்தவர்களில் 98 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் கை ஓரளவு பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. முடியாதவர்களில் 25 சதவீதத்தினருக்கே வந்தது. நியூசிலாந்தின் கேத்தி ஸ்டினியரும் குழுவினரும் இதே அடிப்படையில், யாருக்கு எப்படிப்பட்ட பயிற்சி தருவது என்று முடிவெடுக்கும் முறையை வகுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணிப்பு, விரலையும் தோளையும் பார்ப்பதுதான். இதற்கு யந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். மெத்தையின் மேல் கிடக்கும் சுட்டுவிரல் ஒரு நெல்லளவு நிமிர்வதை ஒரு மகளோ மருமகளோகூடக் கண்டு சொல்லலாம். 'இல்லை' என்ற விடைக்கும் இங்கே வேலை உண்டு: மற்றக் கையால் வாழப் பழக்க வேண்டும், விழுந்த தோள் பிசகாமல் காக்க வேண்டும். 25 சதவீதம் என்பது நால்வரில் ஒருவர் என்பதையும் மறக்கக் கூடாது.

எதை 'நல்ல பின்விளைவு' என்கிறோம் என்பதும் யோசிக்க வேண்டியது. ஆய்வுகளில் ரேங்கின் இரண்டுவரை நல்ல விளைவு. பழைய வேலைகள் எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஆனால் தன் காரியத்தைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டின் பொருள். பாலராமபுரத்தில் குழித்தறியில் உட்கார்ந்து வேட்டி நெய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்தத் தறியில் நாடாவைக் கையால் வீசி மறுகையால் வாங்க வேண்டும். குழிக்குள் கால் மிதிபலகையை மிதிக்க வேண்டும். அவர் தானே குளிக்கிறார், தானே உண்கிறார், டீக்கடைவரை நடந்து வருகிறார். நாடாவை வாங்கும் இடது கையில் மட்டும் விரைவு இல்லை. ஆய்வாளரின் ஏட்டில் அவர் வெற்றி. அவருடைய தறி நின்றுவிட்டது. மேரிலாந்தில் பார்த்தெல் அட்டவணையை வகுத்தவர்களே, நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று பொருளில்லை, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ நாலு பேரோடு பழகவோ முடியாமல் இருக்கலாம் என்று 1965லேயே எழுதிவைத்தார்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதும், குத்தவைத்துப் போகும் கழிப்பறையும், ஒற்றைக் கையால் வேட்டியை இறுக்கிக் கட்டுவதும் நம்மவர் வாழ்க்கையில் பாதி. அட்டவணைகளில் அவற்றுக்கு இடமில்லை.

நம் வீடுகளின் பாசமும் இந்த மதிப்பெண்ணைக் குழப்பும். மூன்று மாதம் கழித்து, 'இவர் தானே குளிக்கிறாரா?' என்று டாக்டர் கேட்டால், 'நாங்க விடுறதில்ல சார், எல்லாம் நாங்கதான் பாத்துக்கிடுதோம்' என்று மருமகள் பெருமையோடு சொல்வாள். முடியாததால் செய்யவில்லையா, விடாததால் செய்யவில்லையா என்பது அங்கே தெரியாது. நோய்ப்பட்டவர் பெண்ணாக இருந்தால் கதை வேறு. வாய்க்கோணல் நேராகும் முன்பே அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவளைக் கேட்டால் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்பாள். அவள் ஸ்கோரும் நன்றாகவே இருக்கும்.

கணிப்பு மோசமாக இருக்கும்போது என்ன செய்வது என்பதில் கேரளம் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. 2003இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி தணிப்புப் பராமரிப்பு அமைப்பைத் தொடங்கினார். 2008இல் கேரள அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்தது; இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வந்து, படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகைத் திருப்பிப் பார்க்கிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார், புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், பார்த்துக்கொள்ளும் மனைவி தூங்கினாளா என்று கேட்கிறார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் நோய்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. கேட்டுப் பெற வேண்டும். ஹெம்பிலின் கணக்கில் ஐந்து மதிப்பெண் வாங்கியவருக்கும் வாய் உலராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் அட்டவணை உலகத்தில் எதுவும் இல்லை. அதை மனிதர்கள்தான் சொல்கிறார்கள்.

ஆகவே டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். சதவீதத்தைச் சொல்லும்போது அது யாருடைய சதவீதம் என்றும் சொல்லுங்கள். 'இப்படி வந்த நூறு பேரில் எழுபது பேர் போயிருக்கிறார்கள், முப்பது பேர் இருக்கிறார்கள். இவர் எந்தப் பக்கம் என்று இன்று தெரியாது. தெரிந்துகொள்ள இத்தனை நாள் வேண்டும். அதுவரை இதையெல்லாம் செய்வோம்' என்று எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும்படி சொல்லலாம். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வாசகர்களிடமும் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2012இல் உருவான 'ஆஸ்ட்ரல்' கணக்கில் ஆறே விஷயங்கள்: வயது, நோயின் கடுமை, பார்வைக் குறைவு, ரத்தச் சர்க்கரை, நினைவு, மருத்துவமனைக்கு வரப் பிடித்த நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனால் இரண்டு மதிப்பெண் பாதகமாகக் கூடும். முதல் மணிகளில் குடும்பத்தால் மாற்ற முடிந்தது அந்த நேரம் ஒன்றுதான். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அந்த நேரத்தைத்தான். தைலம் வேண்டாம், வாயில் தண்ணீரோ மாத்திரையோ வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேனும் ஊசியும் உள்ள பக்கத்து மருத்துவமனை எது என்பதை நோய் வரும் முன்பே விசாரித்து வையுங்கள். நாகர்கோவிலிலேயே அது கிடைக்குமென்றால் திருவனந்தபுரம்வரை ஓடி நேரத்தை இழக்காதீர்கள். வார்டில் போய் நிற்கும்போது, 'தேறிருமா?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'தேறுவதற்கு நாங்க என்ன செய்யணும்?' என்றும் கேளுங்கள்.